ஆளில்லாக் கரையில் அத்தனை வம்பு

அம்பத்தூர்,
ஆகஸ்ட் கடைசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பூந்தமல்லிக்காரிக்கு,

நான் அனுப்பிய படங்களுக்கெல்லாம் ஒற்றைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, "இதெல்லாம் போதாது, விவரமா லெட்டர் போடு" என்று உத்தரவு வேறு. சரி, போடுகிறேன். ஆனால் இதை உன் ஓரகத்தியிடம் காட்டாதே. காட்டினால் அடுத்த கல்யாணத்தில் என் கதையை எனக்கே சொல்லுவாள், அதுவும் கை கால் முளைக்க வைத்து.

எங்கள் கீழ் வீட்டு மாமி ஏற்கெனவே அந்த வேலையைத் தொடங்கிவிட்டாள். நான் வட துருவத்துக்கே போய்த் திரும்பியதாக மார்க்கெட் வரைக்கும் பரப்பியாகிவிட்டது. காய்கறிக்காரர், "துருவத்துல வெண்டைக்கா கிலோ என்னம்மா?" என்று கேட்கிறார். நான் போன இடத்திலிருந்து துருவம் இன்னும் 1,200 கிலோமீட்டர். நம்ம ஸ்டேஷன் வழியாகத் தினம் போகிறதே மும்பை ரயில், அது போகிற தூரம் கிட்டத்தட்ட பாக்கி. இதைச் சொன்னால் மாமிக்கு முகம் தொங்கிப்போகிறது. துருவம் என்று சொல்வதில் அவளுக்குத்தான் பெருமை அதிகம்.

போன இடத்தின் பெயர் ஸ்வால்பார்ட். நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவில் கிடக்கிற தீவுக்கூட்டம். மாப்பிள்ளை ஒஸ்லோவில் இருப்பதால் நடந்தது. இல்லையென்றால் நான் எங்கே, அது எங்கே! "அத்தை, ஒரு கூழாங்கல் கரை இருக்கு. ரோடு கிடையாது, படகில்தான் போகணும், மனுஷ நடமாட்டமே இல்லை" என்று ஆசை காட்டினார். உன் அண்ணன் வர மறுத்துவிட்டார். "ஐஸைப் பாக்கணும்னா ஃப்ரீசரைத் திறந்து பாரு" என்று சொல்லிவிட்டு டெஸ்ட் மேட்ச் பார்க்க உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமல் பயணம் நிம்மதியாகத்தான் இருந்தது, இதையும் யாரிடமும் சொல்லாதே.

குளிருக்கு உடுப்பு சேர்த்த கதையைக் கேள். ஆவடியில் என் நாத்தனார் வீட்டு மாடியில் ஒரு அம்மா குடியிருக்கிறாளே, அவள் வீட்டுக்காரர் ஓ.சி.எஃப். என்கிற ராணுவ உடுப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வடக்கே போகிறேன் என்று காதில் விழுந்ததும் ஒரு ஜெர்கினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ராணுவத்துக்கே எங்க ஆளுங்கதான் தைக்கிறாங்க, இதப் போட்டுக்கிட்டா சியாச்சின்லயே நிக்கலாம்" என்று ஒரே பேச்சு. உண்மையில் நல்ல ஜெர்கின்தான். ஆனால் திருப்பிக் கொடுத்ததிலிருந்து, ஆர்க்டிக்குக்குப் போய் வந்தது நானா அவள் ஜெர்கினா என்று எனக்கே சந்தேகம்.

விசாவில் ஒரு வேடிக்கை. ஸ்வால்பார்ட்டுக்குள் போக யாருக்குமே விசா வேண்டாமாம். ஆனால் அங்கே போக நார்வே வழியாகத்தான் போயாக வேண்டும், நார்வேக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்ட்டோ ஷெங்கனுக்கு வெளியே. அங்கே காலை வைத்தால் நாம் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒரு முறை மட்டும் நுழையலாம் என்று விசா குத்தியிருந்தால் திரும்பி வர வழியில்லை. ஆகவே இரண்டு முறை நுழைகிற விசாவாகப் பார்த்து வாங்க வேண்டும். இதை மாப்பிள்ளை தாளில் படம் போட்டு விளக்கினார். புரிந்த மாதிரி தலையாட்டினேன். பிறகு நிஜமாகவே புரிந்தது.

போகிற வழியில் ட்ரோம்சோ என்கிற ஊரில் ஒரு ராத்திரி தங்கல். அதுவே ஆர்க்டிக் வட்டத்துக்கு நன்றாக வடக்கே இருக்கிறது. அங்கே மாப்பிள்ளையின் நண்பர் வீட்டில் அவருடைய அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் வந்தவராம். நார்வேயின் வட கோடியில் ஃபின்மார்க் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. கடலோரம் குட்டிக் குட்டி மீன்பிடி ஊர்கள். அந்த ஊர் மீன் ஆலைகளில் அப்போது நிறைய ஈழத்தமிழர்கள் வேலை பார்த்தார்கள். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு மீன் துண்டு போடுகிற வேலை, உள்ளூர் இளசுகள் தெற்கே ஓடிவிட்டதால் காலியாகக் கிடந்த வேலை. அதைச் செய்துகொண்டே கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், கல்யாணம், கலகம் எல்லாம் நடத்தியிருக்கிறார்கள். பிறகு பிள்ளைகளின் படிப்புக்காகப் பெரும்பாலோர் ஒஸ்லோ பக்கம் இறங்கிவிட்டார்கள். ஒஸ்லோவுக்குத் துணை மேயராக இருந்து இப்போது நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கிற கம்ஷாஜினி குணரத்தினம்கூட மூன்று வயதுக் குழந்தையாக வந்து முதலில் இருந்தது ஹம்மர்ஃபெஸ்ட் என்கிற வடகோடி ஊரில்தானாம்.

அந்த அம்மா எனக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டார்: "கல்லுக் கடற்கரை பாக்கவோ பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? நாங்கள் இருந்த வீட்டு வாசலிலை அதுதானே கிடந்தது. காசு குடுத்துப் பாக்கிற சாமான் எண்டு தெரிஞ்சிருந்தா ரிக்கெட் வித்திருப்பம்." மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அந்தக் குழம்பின் கைமணம் இன்னும் நாக்கில் இருக்கிறது, தேங்காய்ப்பால் ஊற்றியது.

மறுநாள் லாங்இயர்பியென். 78 பாகை வடக்கே ஓர் ஊர். ஜான் லாங்இயர் என்கிற அமெரிக்கர் நிலக்கரி தோண்ட வந்து 1906-ல் போட்ட ஊர் என்பதால் அந்தப் பெயர். சுமார் 2,500 பேர் இருக்கிறார்கள். அதில் தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் அத்தனை பேர்! எப்படி என்று கேட்டேன். 1920-ல் பாரிஸில் ஓர் ஒப்பந்தம் போட்டார்களாம்: தீவு நார்வேக்குச் சொந்தம், ஆனால் கையெழுத்துப் போட்ட எல்லா நாட்டுக்காரர்களும் அங்கே போய்த் தொழில் செய்யலாம். வெள்ளைக்காரன் அப்போது நம்ம பேரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் நமக்காகச் செய்த உருப்படியான காரியங்களில் இதையும் ஒன்றாக எழுதிக்கொள். நீயும் நானும் நாளைக்கே அங்கே ஒரு இட்லிக் கடை போடலாம். கையில் காசு இல்லாமல் நின்றால் மட்டும் ஆளுநர் ஊருக்கு அனுப்பிவிடுவார்.

அந்த ஊர்ச் சட்டதிட்டங்கள் உனக்குப் பிடிக்கும். பூனை வளர்க்கக் கூடாது, பறவைகளுக்கு ஆபத்து. ஓட்டலுக்குள், மியூசியத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சுரங்கத்துக் கரித்தூளை உள்ளே கொண்டுவராமலிருக்க ஏற்பட்ட வழக்கம், சுரங்கம் மூடினாலும் வழக்கம் மூடவில்லை. வாசலில் ஷூ மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, எனக்கு நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வந்த மாதிரி தெம்பு வந்துவிட்டது. செத்தால் அங்கே சவப்பெட்டியில் புதைக்க முடியாது. நிலம் அடியில் வருஷம் முழுக்க உறைந்தே கிடப்பதால் உடம்பு மக்காது, போகப்போக மேலே தள்ளிவிடும். இன்னொன்று: குடிக்க ரேஷன் கார்டு! பீருக்கும் பிராந்தி வகைக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு மாத அளவு உண்டு. ஒயினுக்கு மட்டும் கட்டுப்பாடே கிடையாது. ஏனென்று ஊரில் சொல்கிற காரணம், பீர் குடித்தது தொழிலாளி, ஒயின் குடித்தது அதிகாரி, சட்டம் எழுதியதும் அதிகாரி. எந்த ஊராக இருந்தாலும் கதை அதுதான் போல.

மலைச்சரிவில் ஒரு கான்கிரீட் கதவு துருத்திக்கொண்டு நிற்கிறது. உலக விதைக் காப்பகம், 2008 பிப்ரவரியில் திறந்தது. உள்ளே விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்ததுதான். ஐதராபாத் பக்கம் பதான்சேருவில் இருக்கிற இக்ரிசாட் நிறுவனம் சோளம், கம்பு, கேழ்வரகு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை விதைகளை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது. உலகமே அழிந்தாலும் சாம்பாருக்குத் துவரம்பருப்பு இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். "புளி?" என்றாள். அதை விசாரிக்கவில்லை.

ஊர் எல்லையில் வெள்ளைக் கரடிப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. அதைத் தாண்டினால் கரடியை விரட்ட ஏதாவது கையில் இல்லாமல் போகக் கூடாது. நாங்கள் தாண்டவில்லை, சின்னக் கப்பல் ஒன்றில் ஏறி, ராத்திரி முழுக்க வடக்கே போனோம். ராத்திரி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஏப்ரல் கடைசிக்குப் பக்கத்திலிருந்து ஆகஸ்ட் 20 தேதி வாக்கு வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வெயில் கண்ணில் குத்துகிறது. விளக்கு வைக்கிற நேரம் எது என்று தெரியாமல், மணியைப் பார்த்து மனசுக்குள் ஒரு தீபம் ஏற்றிக்கொண்டேன்.

கப்பலில் இருந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம். புனேயிலிருந்து தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று. இரண்டாம் நாளிலிருந்து அவள் மேல்தளத்தில், அவன் கீழ்தளத்தில். என்ன சண்டை என்று மகள் மூலமாக நூல் விட்டுப் பார்த்தேன், பெயரவில்லை. ஹாலந்துப் பாட்டி ஒருத்தி, என்னைவிடப் பத்து வயசாவது கூட இருக்கும், நீச்சலுடையில் அந்தக் கடலில் குதித்தாள்! ஏறி வந்து துண்டைச் சுற்றிக்கொண்டு காபி கேட்டாள். நான் ஜெர்கினுக்குள் நடுங்கிக்கொண்டு கைதட்டினேன்.

காலையில் கோங்ஸ்ஃபியோர்டு என்கிற நீண்ட கடல் கழிக்குள் நுழைந்தோம். சுற்றிலும் பனியாறுகள். அதன் கரையில் நீ-ஓலசுண்ட் என்கிற ஊர். அது ஊரே இல்லை, பல நாட்டு விஞ்ஞானிகள் தங்குகிற முகாம். நம்ம இந்தியாவுக்கும் ஒரு வீடு இருக்கிறது, 'ஹிமாத்ரி' என்று பெயர். 2008 ஜூலை 1-ல் திறந்தது. எட்டுப் பேர் தங்கலாம். கோடையில் மட்டும் ஆள் இருந்த இடம், 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். வாசலில் நம்ம எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீனாக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் ஒரு வாழைமரம்கூடக் கட்டவில்லையே என்று மனசுக்குள் ஒரு குறை.

அங்கே செல்போனை அணைத்துவிட வேண்டும். சுற்று வட்டாரத்தில் 20 கிலோமீட்டருக்கு வைஃபை, புளூடூத் எதுவும் கூடாது. விண்வெளியின் ஆழத்திலிருந்து வருகிற மெல்லிய அலைகளைப் பெரிய ஆண்டெனா வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். நம்ம போன் சத்தம் அதில் விழுந்து கெடுக்கும். அன்றைக்கு முழுக்க உன் அண்ணனின் 'குட் மார்னிங்' பூங்கொத்து வரவில்லை. விஞ்ஞானம் வாழ்க.

இப்போது முக்கியமான வம்புக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அமுண்ட்சென் தெரியுமா? தென் துருவத்துக்கு முதலில் போன நார்வேக்காரர், பள்ளிக்கூடத்தில் படித்தோமே. அவர் வட துருவத்தின் மேல் பறக்க 'நார்கே' என்கிற ஆகாயக் கப்பலை இங்கேதான் கட்டிவைத்திருந்தார். கப்பலைச் செய்தவரும் ஓட்டியவரும் நோபிலே என்கிற இத்தாலிக்காரர். காசு போட்டவர் எல்ஸ்வொர்த் என்கிற அமெரிக்கர். 1926 மே 11-ல் கிளம்பி மறுநாள் துருவத்தின் மேல் பறந்தார்கள். மூன்று பேரும் அவரவர் கொடியைக் கீழே போட வேண்டும். பாரம் அதிகமாகக் கூடாது என்று எல்லாச் சாமானையும் எடைபோட்டு ஏற்றிய பயணத்தில், நோபிலே எடுத்து விரித்த இத்தாலிக் கொடி மற்றவர்களுடையதைவிடப் பெரிசு! அமுண்ட்சென்னுக்கு அது ஆறவே இல்லை. போதாக்குறைக்கு நோபிலே தன் குட்டி நாயையும் கூடவே கொண்டுவந்திருந்தார், பெயர் டிட்டினா. கரை இறங்கிய பிறகு 'தலைவர் நானா நீயா' என்று பத்திரிகையில், புத்தகத்தில், மேடையில் ஒரே சண்டை. கல்யாண வீட்டில் மாலை யார் முதலில் போட்டது என்று சம்பந்திகள் அடித்துக்கொள்வதைப் பார்த்த நமக்கு இது புதிசா?

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1928-ல் நோபிலே 'இத்தாலியா' என்று இன்னொரு ஆகாயக் கப்பலில் அதே இடத்திலிருந்து கிளம்பினார், அதே நாயோடு. மே 24-ல் துருவத்தை எட்டி, திரும்பும்போது மே 25-ல் பனியில் விழுந்து நொறுங்கியது. அவரைத் தேடப் போனவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அமுண்ட்சென்னேதான்! ஜூன் 18-ல் ட்ரோம்சோவிலிருந்து விமானத்தில் ஏறியவர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. நோபிலேயை மட்டும் ஸ்வீடன் நாட்டு விமானி வந்து முதலில் தூக்கிக்கொண்டு போனார், நாயையும் சேர்த்து. கூட வந்தவர்களைப் பனியில் விட்டுவிட்டுத் தலைவன் முதலில் வந்தானே என்று உலகமே அவரைத் திட்டித் தீர்த்தது. மனுஷர் அந்த அவச்சொல்லோடு 1978 வரை, தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார். இந்தக் கதையை எங்களுக்குச் சொன்ன வழிகாட்டிப் பெண் நார்வேக்காரி, நோபிலே பெயரைச் சொல்லும்போதெல்லாம் உதட்டை ஒரு மாதிரி சுழித்தாள். நூறு வருஷம் ஆகப்போகிறது, சம்பந்திச் சண்டை தீரவில்லை.

ஆலாப் பறவைகள் பற்றிச் சொல்ல மறந்துவிடுவேன். முட்டையிட்டிருக்கிற இடத்துப் பக்கம் போனால் நேராக வந்து மண்டையில் கொத்துகின்றன. ஒரு குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் குச்சியின் நுனியைக் கொத்திவிட்டுப் போகும். குளிர்காலத்துக்கு அவை அண்டார்டிகா பக்கம் வரை பறந்து போகின்றனவாம். அவ்வளவு தூரம் போய் வந்தும் கோபம் குறையவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாப்பிள்ளை சொன்ன கூழாங்கல் கரை. கழிக்கு எதிர்ப்பக்கம், ப்லூம்ஸ்ட்ராண்ட் என்கிற இடம். ரப்பர் படகு, ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர். ஏறுவதற்கு முன்னால் பூட்ஸ் அடியை மருந்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினார்கள், வெளியூர் விதை எதுவும் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்று. ஏறும்போது கையைக் கையால் பிடிக்கக் கூடாது. முழங்கைக்குக் கீழே, அவர் நம் கையை, நாம் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்காது. முதல் படகில் துப்பாக்கியோடு வழிகாட்டிகள் போய்க் கரையையும் மேட்டையும் சுற்றிப் பார்த்து, கரடி இல்லை என்று கை காட்டிய பிறகுதான் எங்களை விட்டார்கள். தண்ணீரில் மிதக்கிற சின்ன ஐஸ் கட்டிகள் படபடவென்று பொரிகிற சத்தம் வருகிறது. பழைய பனியில் அழுத்திச் சிறைப்பட்டிருந்த காற்று உடைந்து வெளியே வருகிறதாம். படகை நிறுத்திக் கேட்டால் கழி முழுக்க அந்தச் சத்தம்தான்.

காலை ஊன்றினால் கல். மணலே கிடையாது. வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு என்று பளிங்குக் கற்கள். எல்லாம் மழமழ என்று உருண்டையாக இருக்கும் என்று நினைக்காதே. அலை உருட்டியது பாதி. உறைந்து பிளந்த கல் பாதி, முனை மழுங்கிக் கிடக்கிறது. நடந்தால் கணுக்கால் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். கரைக்கு மேலே படிப்படியாக இன்னும் சில கல் மேடுகள், ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கடற்கரையாம். முன்பு அந்த நிலத்தின் மேல் பெரும் பனிப்பாளம் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தது. பனி உருகிப் பாரம் குறைந்ததும் நிலம் மெதுவாக மேலே எழும்பிவிட்டது. கடல் கீழேயே நின்றுவிட்டது.

மனுஷ நடமாட்டமே இல்லாத இடம் என்றாரே மாப்பிள்ளை? கொஞ்சம் மேலே ஏறினால் துருப்பிடித்த பாய்லர், பளு தூக்கி, தண்டவாளம்! எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்ட் என்று ஓர் ஆங்கிலேயர், தங்கம் தேடி ஊர் ஊராகச் சுற்றியவர். இங்கே வந்து இந்தப் பளிங்கைப் பார்த்ததும் இத்தாலிப் பளிங்கையே தூக்கிச் சாப்பிடும் என்று லண்டனில் போய்ச் சொல்லியிருக்கிறார். 'நார்தர்ன் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனி' என்று தொடங்கிப் பங்கு விற்று, 1911-லிருந்து இங்கே வீடு கட்டி, யந்திரம் இறக்கி, 'நியூ லண்டன்' என்று பெயரும் வைத்தார்கள். கல்லை வெட்டிக் கப்பலில் ஏற்றி ஊர் போய்ச் சேர்ந்தால், பொலபொலவென்று உதிர்ந்ததாகச் சொல்கிறார்கள். பல்லாயிரம் வருஷமாகத் தண்ணீர் விரிசலுக்குள் போய் உறைந்து உறைந்து கல்லை உள்ளுக்குள்ளேயே நொறுக்கியிருக்கிறது. ஐஸ்தான் பசையாக ஒட்டி வைத்திருந்தது, ஐஸ் உருகியதும் கல் பல்லை இளித்துவிட்டது. 1920 வாக்கில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சில வீடுகளை மட்டும் பிற்பாடு பெயர்த்து நீ-ஓலசுண்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இன்றைக்கும் 'லண்டன் வீடு' என்றே அவற்றுக்குப் பெயர். ஈமு கோழிக்கும் தேக்கு மரத்துக்கும் காசு கட்டிய நம்ம சொந்தக்காரர்களை நினைத்துக்கொண்டேன். அந்த லண்டன் பங்குதாரர்களின் வீட்டுப் பெண்கள் எத்தனை நாள் புலம்பியிருப்பார்களோ!

அந்த இடத்துக்கே இன்னொரு ரகசியம் வெளிப்பட்டது பிற்பாடுதான். அது தீபகற்பம் என்றுதான் எல்லோரும் நினைத்து, வரைபடத்திலும் அப்படியே பெயர் போட்டிருந்தார்கள். பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, 1990-களில் நடுவில் கடல் தெரிந்தது. பார்த்தால் தீவு! பெயரில் மட்டும் இன்னும் தீபகற்பம்.

மாப்பிள்ளை சொன்ன தனிமை அங்கே எனக்குக் கண்ணில் படவே இல்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த மரக்கட்டைகளைப் பார். அந்தத் தீவுகளில் மரமே கிடையாது. வில்லோ என்று ஒன்று இருக்கிறது, அதுவும் விரல் உயரத்தில் தரையோடு படர்ந்து கிடக்கிறது. கட்டைகள் எல்லாம் சைபீரிய ஆறுகளில் அடித்துக்கொண்டு வந்து, கடல் பனியில் மாட்டி, வருஷக் கணக்கில் மிதந்து வந்தவை. இந்தக் கரையில் கொஞ்சம்தான், இன்னும் வடக்கே போனால் குவியல் குவியலாம். அவற்றின் நடுவே பச்சை நைலான் வலை, பிளாஸ்டிக் மிதவை. வழிகாட்டிப் பெண் எங்கள் கையில் சாக்கைக் கொடுத்துவிட்டாள், பொறுக்கினோம். அங்கேயும் எனக்குக் கூட்டுகிற வேலை!

குப்பையைப் பொறுக்கலாம், வேறு எதையும் தொடக் கூடாது. 1946-க்கு முன்னால் மனுஷர் விட்டுப்போனது எதுவானாலும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம். துருப்பிடித்த ஆணி, பாதி செங்கல், எதுவானாலும். திமிங்கிலம் வெட்டிய இடத்து எலும்புக்கும் அதே சட்டம். நான் இளஞ்சிவப்பில் ஒரு கல்லைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்" என்றாள் அந்தப் பெண். வைத்துவிட்டேன். புனே மாப்பிள்ளை ஒன்றை பாக்கெட்டில் போட்டான் என்று என் மகள் சத்தியம் செய்கிறாள். மனைவி அதற்குத்தான் பேசாமல் இருக்கிறாளோ என்னவோ.

கல்லைப் பற்றி வழிகாட்டிப் பெண் சொன்னதில் என்னை அசத்தியது இதுதான். கழியின் வாயில், க்வாடெஹூக் என்கிற வெளியில், கற்கள் தாங்களாகவே வட்டம் வட்டமாகக் கூடி நிற்கின்றன. படம் காட்டினாள். நடுவில் மண், சுற்றிலும் கல் வரம்பு, ஒவ்வொன்றும் சில மீட்டர் அகலம், அடுத்தடுத்து, அளந்து வைத்த மாதிரி. மார்கழியில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து போட்ட கோலம் தோற்றது போ. யாரும் வைக்கவில்லை. மண் உறைந்து உப்பி, உருகித் தளர்ந்து, உறைந்து உப்பி, ஆயிரக்கணக்கான வருஷம் கல்லை ஓரம் தள்ளித் தள்ளி வட்டமாக்கியிருக்கிறது.

திரும்பும்போது படகோட்டி கழியின் நடுவைக் கைகாட்டி, "உங்கள் ஊர்க் கருவி அங்கே அடியில் இருக்கிறது" என்றான். உங்கள் ஊர் என்றால் இந்தியா என்று நினைத்தேன். மாப்பிள்ளை சொன்னார்: நிஜமாகவே நம்ம ஊர்! 'இன்டார்க்' என்று பெயர், பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கியது. 2014 ஜூலை 23-ல் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கி நங்கூரம் பாய்ச்சினார்கள். தண்ணீரின் சூடு, உப்பு, ஓட்டம் எல்லாம் அளக்கும். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ளே புகுந்துவிடுவதால் 2006-க்குப் பிறகு அந்தக் கழி முன்பு மாதிரி உறைவதில்லை. அங்கே பனி குறைவதற்கும் இங்கே பருவமழைக்கும் என்ன உறவு என்று பார்க்கத்தான் அந்தக் கருவி. 2015-ல் கொரட்டூரில் தண்ணீர் வந்தபோது மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு, மேகத்தைத் திட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? யாரைத் திட்ட வேண்டும் என்று பள்ளிக்கரணைக்காரர்கள் ஆர்க்டிக் வரை போய் விசாரிக்கிறார்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டுக் கப்பலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு எண்ணம். அந்தத் தீவுகளை பேரன்ட்ஸ் என்கிற டச்சு மாலுமி கண்டது 1596-ல். மான்ஸ்ஃபீல்டின் பாய்லருக்கு நூறு வயசு சொச்சம். அதற்குத் துப்பாக்கி, வேலி, சட்டம், சொற்பொழிவு. நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலையாற்றங்கரையில் அதிரம்பாக்கம் இருக்கிறது. அல்லிக்குழி மலையிலிருந்து வந்த உருண்டைக் கற்களை எடுத்து உடைத்து, கைக்கோடரி செய்துகொண்டு மனுஷர் வாழ்ந்த இடம். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் கண்டுபிடித்தார். சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் வருஷக்கணக்காகத் தோண்டி, 2011-ல் அதன் வயது 15 லட்சம் ஆண்டு என்று சொன்னார்கள். 15 லட்சம்டி! ஹாலந்துப் பாட்டியிடம் சொன்னேன். "உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். காரில் ஒன்றரை மணி நேரம் என்றேன். "அடிக்கடி போவீர்களா?" என்றாள். நான் பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன்.

அதனால் இப்படிச் செய்வோம். பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் மியூசியம் இருக்கிறது, அந்தக் கற்கருவிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். எந்தக் கிழமை லீவு என்று நீ விசாரி. திருவள்ளூரில் உனக்குத்தான் ஆள் பலம் இருக்கிறது. உன் பிள்ளையிடம் காரைக் கேள். கொடுக்காவிட்டால் நீ ஆவடிக்கு பஸ்ஸில் வந்துவிடு, அங்கிருந்து திருவள்ளூருக்கு ரயில், பிறகு பூண்டி பஸ். நான் புளியோதரை கட்டுகிறேன், நீ உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவா, போன தடவை மாதிரி உப்பைக் கோட்டைவிடாதே. உன் அண்ணனை இந்த முறையும் கூப்பிடப் போவதில்லை. சனிக்கிழமைக்குள் பதில் வந்தாக வேண்டும், மறுபடியும் கட்டைவிரல் அனுப்பினால் நான் தனியாகவே போய்விடுவேன்.

அன்புடன்,
உன் அம்பத்தூர்க்காரி